பாலத்தில் காய்ந்த வேட்டி

கோணலூரணி சாத்தையாவுக்குத் தான் முட்டாளோ என்ற சந்தேகம் ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது. வந்த சந்தேகம் லேசில் போகுமா? சோறு இறங்கவில்லை. கடைசியில் ஊரைக் கூட்டிக் கேட்டே விட்டார். "உனக்கென்னப்பா குறை? எங்களை மாதிரிதானே இருக்கே!" என்றது ஊர். அதில் அவருக்குப் பாதி நிம்மதி.

அந்தப் பாதியும் ஆடி அமாவாசை வந்தால் போய்விடும். செத்துப்போன அப்பாவுக்குத் தீவுக் கோயில் கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம்கூடக் கொடுத்தபாடில்லை. போன வருஷம், "பஸ் நின்ன பிறகுதான் இறங்கணும்" என்று கண்டக்டர் சொல்லிவைத்தார். தீவில் பஸ் நின்றது. ஆனால் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. இன்னும் முழுசாக நிற்கவில்லை என்று உட்கார்ந்திருந்து, அதே பஸ்ஸில் ஊர் திரும்பினார். அன்றைக்கு அப்பா கனவில் வந்து, வெறும் இலையைக் காட்டிவிட்டுப் போனார்.

இந்த வருஷம் புரோகிதருக்கு முன்கூட்டியே போன் போட்டார்.

"உச்சிப்பொழுதுக்குள்ள வந்துடுங்கோ. ஈரத்துணியோட வரணும். காய்ஞ்ச துணியோட வந்தா நான் மந்திரமே சொல்லமாட்டேன்" என்றார் புரோகிதர்.

ஆகவே சாத்தையா, மைத்துனன் பூமிநாதன், சித்தப்பா இருளப்பன் மூன்று பேரும் ஊர்க் குளத்தில் முங்கி, சொட்டச் சொட்ட பஸ் ஏறினார்கள். "சீட்டுல உக்காந்தீங்க, இறக்கி விட்டுருவேன்" என்றார் கண்டக்டர். கம்பியைப் பிடித்து நின்றே போனார்கள்.

பஸ் கடல் பாலத்தில் ஏறியது. ஆளைத் தூக்குகிற காற்று. பாதிப் பாலத்தில் சாத்தையா வேட்டியைத் தடவிப் பார்த்து அலறினார்.

"மாப்ளே, காய்ஞ்சு போச்சு!"

"கீழதான் இம்புட்டுக் கடல் கெடக்கே மச்சான், குதிச்சிருவமா?" என்றான் பூமிநாதன்.

இருளப்பன் யோசித்தார். "குதிச்சா நனையலாம். ஆனா அப்புறம் தர்ப்பணம் நம்ம பேருக்கும் சேர்த்துல்ல கொடுக்கணும்?"

"தீவுல போயி நனைஞ்சா?" என்று கேட்டார் சாத்தையா.

"ஈரத்தோட 'வரணும்'னாரு. வந்து நனையச் சொல்லலையே."

பாலம் தாண்டியதும் இறங்கி, மறுபடி நனைந்து வர அதே பாலத்தில் நடந்து கரைக்குத் திரும்பினார்கள். அங்கே தீவில் கட்டட வேலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரி நின்றது. தொட்டிக்குள் உட்கார்ந்து வருகிறோம் என்று கேட்டார்கள். டிரைவர் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"கோணலூரணி."

"அதானே. ஏறுங்க."

கழுத்தளவு தண்ணீரில் பாலம் கடந்தார்கள். காற்றை ஜெயித்துவிட்டோம் என்று சாத்தையாவுக்கு உள்ளூரப் பெருமை. உச்சிக்குச் சற்று முன்னால் கடற்கரை போய்ச் சேர்ந்தார்கள்.

"வந்துட்டேளா! நேரமில்லை, ஓடிப்போய்க் கடல்ல ஒரு முங்கு போட்டுட்டு வாங்கோ" என்றார் புரோகிதர்.

"ஈரமாத்தானே சாமி இருக்கோம்?"

"இது என்ன தண்ணி?"

"லாரித் தண்ணி."

"கடல் தண்ணின்னா வேணும்!"

மூவரும் தள்ளிப்போய்க் கூடிப் பேசினார்கள்.

"இந்த ஈரத்தோட முங்கினா, எது லாரி ஈரம், எது கடல் ஈரம்னு அப்பாவுக்கு எப்படித் தெரியும்?" என்றார் சாத்தையா.

"நியாயம். மொதல்ல காயணும்" என்றார் இருளப்பன்.

வேட்டியை விரித்துப் பிடித்து நின்றார்கள். கரையில் காற்று அசையவில்லை. சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டே இருந்தது. புரோகிதர் தர்ப்பையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். இந்த வருஷமும் அப்பா பட்டினியா? நாம் நிஜமாகவே முட்டாள்தானோ? சாத்தையா மண்டையைப் பிசைந்தார். பிசைந்த மண்டையில் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. அந்த நிமிஷமே சந்தேகம் முழுசாகத் தீர்ந்தது. ஓடிப்போய் ஒரு ஆட்டோவை மறித்தார்.

"எங்கே போகணும்?"

"பாலத்து நடுவுக்கு. போயிட்டு உடனே திரும்பணும்."

"அங்க எவ்வளவு நேரம் நிக்கணும்?"

சாத்தையா வேட்டி முனையை ஒருதரம் பிழிந்து பார்த்தார்.

"என்னுது மெல்லிசுதான். சித்தப்பா கட்டியிருக்கிறதுதான் எட்டு முழம்."