தொப்பளான் காய்ச்சிய களாப்பழப் பாகு

ஒரு காட்டில், ஓடைக்கு மேற்குப் பக்கம், தொப்பளான் என்று ஒரு கரடி இருந்தது. அதற்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. நான் சொல்லவில்லை, குழந்தைகளே. அதுவே அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தது. குருவியிடம் போய்க் கூடு கட்டும் விதம் பற்றிப் பேசும். நீர்நாயிடம் போய் நீச்சல் பற்றிப் பேசும். ஆனால் தன் குகையின் கூரையில் இருந்த ஓட்டையை அடைக்க மட்டும் அதற்கு வழி தெரியவில்லை.

அந்த ஓட்டையால் போன மழைக்காலம் முழுவதும் தொப்பளான் நனைந்துகொண்டே தூங்கியது. மூக்கு ஒழுக, நெஞ்சில் சளி கட்ட, இருமி இருமியே பாதி உடம்பாகிவிட்டது. இந்த வருஷமும் மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்த கரடி, குகைக்குள் நனையாத மூலை ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் வெண்காலி என்ற காட்டெருமை ஒரு கன்று ஈன்றது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கன்று ஈன்றதும் சுரக்கும் முதல் பாலான சீம்பாலைக் காட்டெருமை ஆவியில் வேகவைத்து, எல்லோருக்கும் பங்கு வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் கன்று காட்டுக்கே பிள்ளையாக வளரும் என்பார்கள்.

வெண்காலி எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் வெறும் சீம்பாலைக் குடுத்து அலுத்துப்போச்சு. இந்தத் தடவை அதுமேல ஊத்த நல்ல பழப்பாகு வேணும். யாரோட பாகு ருசியா இருக்கோ, அவங்களுக்கு எங்க பாறைக் குகையைத் தரேன். நாங்க மேட்டுப் புல்வெளிக்குப் போறோம். மழைக்காலம் முடியிற வரைக்கும் குகை அவங்களுக்குத்தான்."

பாறைக் குகையா! கொட்டுகிற மழையிலும் ஒரு சொட்டு உள்ளே வராத குகை! தொப்பளானுக்கு அங்கேயே கண் சொருகிவிட்டது. காய்ந்த தரையில் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விடுவதுபோல அதற்குத் தோன்றியது.

"குகை எனக்குத்தான். பாகு காய்ச்சுறதுல என்னை மிஞ்ச ஆளே இல்லை" என்று அது அங்கேயே அறிவித்தது.

உண்மையில் அது தன் வாழ்நாளில் வெந்நீர்கூடக் காய்ச்சியதில்லை.

பழச் சமையல் தெரிந்தவள் சிட்டாள் என்ற மலையணில். அவளிடம் போய் "சொல்லிக் கொடு" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே! அதனால் தொப்பளான் அவள் இருந்த மரத்தடியில் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வாத்தியார்போல அதட்டியது.

"ஏ சிட்டாள்! பழப்பாகு எப்படிக் காய்ச்சணும்னு உனக்குத் தெரியுதான்னு பார்க்கிறேன். சொல்லு!"

சிட்டாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அது என்ன மாமா, பெரிய வித்தையா? நல்லாக் கறுத்த களாப்பழமாப் பறிக்கணும். சிவப்பா இருக்கிறதைத் தொடாதீங்க, புளிச்சுக் கிடக்கும், காயோட பாலும் பிசுபிசுன்னு ஒட்டும். கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் தேன் விட்டு வேகவைக்கணும். தோல் வெடிச்சதும் அகப்பையால நல்லா மசிக்கணும். அப்புறம் பன்னாடையில வடிகட்டணும். வடிகட்டின பிறகு..."

"போதும், போதும்! சரியாத்தான் சொல்றே. தேறிட்டே, போ!"

"இன்னும் இருக்கு மாமா..."

"எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே கரடி பாதி தூரம் போய்விட்டது. அது நின்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தொப்பளான் ஒரு கூடை நிறையக் களாப்பழம் பறித்தது. முள் கிழித்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை. பொத்திப் பொத்தி வைத்திருந்த வேப்பம்பூத் தேனை எடுத்தது. ஓடைக்கரைத் தென்னையில், மட்டைக்கு அடியில் வலைபோலச் சுற்றியிருக்குமே, அந்தப் பன்னாடையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, மண்சட்டியை ஏற்றியது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலையை அது நன்றாகவே செய்தது. பழம் பதமாக வெந்தது, தோல் வெடித்தது, அகப்பைக்கு அடியில் குழைந்தது. காடே மணத்தது. பன்னாடையைக் கிளையில் கட்டி, அடியில் ஒரு சின்னக் கலயத்தை வைத்து, சட்டியில் இருந்ததை மேலே சாய்த்தது. சிவப்புச் சாறு சொட்டுச் சொட்டாக இறங்கிக் கலயத்தில் நிறைந்தது. தோலும் கொட்டையும் நாருமாக ஒரு பெரிய குவியல் மேலே தங்கியது.

இப்போது தொப்பளான் தலையைச் சொறிந்தது. மேலே ஒரு குவியல், கீழே ஒரு கலயம். இரண்டில் எது பாகு?

ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் தீர்ந்தது. ஒரு சின்னக் குழந்தைகூட அதைத்தான் செய்யும். ஆனால் எல்லாம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சின்ன யோசனை எங்கே வருகிறது?

மணத்தைப் பிடித்துக்கொண்டு மூக்கன் என்ற நரி அங்கே வந்தது. அதற்கும் மழைக்கு ஒதுங்க இடம் இல்லை. புதருக்குப் புதர் குடி மாறிக்கொண்டிருந்தது.

"அடேங்கப்பா! என்ன வாசம் அண்ணாச்சி! பாகு தயாரா?"

தொப்பளான் சட்டென்று இடுப்பில் கை வைத்துக்கொண்டது. "தயார்தான். இங்கே ரெண்டு இருக்கு பாரு. இதுல எது பாகு? உனக்குத் தெரியுதான்னு பார்க்கிறேன். சொல்லு!"

நரி கலயத்தைப் பார்த்தது. குவியலைப் பார்த்தது. பிறகு கரடியின் கண்ணைப் பார்த்தது. அந்தக் கண் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தது. நரிக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

"என்ன அண்ணாச்சி, என்னைப் போய்ச் சோதிக்கிறீங்க! மேலே மலையாட்டம் நிக்குதே, அதுதானே பாகு? ஒரு கூடைப் பழத்துக்கு இவ்வளவாவது வர வேண்டாமா?"

"ம்ம். சரி. அப்ப கீழே இருக்கிறது?"

"அது பழம் குளிச்ச தண்ணிதானே?"

"சபாஷ்! அதையேதான் நானும் நினைச்சேன்" என்றது கரடி. தன் குவியலைப் பெருமையோடு ஒரு தரம் சுற்றி வந்தது. ஒரு கூடைப் பழத்தைப் போட்டுவிட்டு ஒரு கலயம் தண்ணீரையா சபைக்குக் கொண்டுபோவார்கள்? எது பெரியதாக இருக்கிறதோ அதுதானே பெரியது!

அப்போது கலயத்தின் விளிம்பில் இருந்த சாறு கரடியின் கையில் பட்டது. கை தானாகவே வாய்க்குப் போனது. நரிக்கு உயிரே போய்விட்டது.

"ஐயையோ அண்ணாச்சி! நீங்க யாரு, உங்க மதிப்பு என்ன! குளிச்ச தண்ணியை நக்குறதை யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

கரடி திடுக்கிட்டு நான்கு பக்கமும் பார்த்தது. பிறகு கையைப் புல்லில் தேய் தேய் என்று தேய்த்துத் துடைத்தது. காய்ந்த குகையும் மழைக்காலத் தூக்கமும் அந்தப் புல்லோடு போயின.

"இதை என்ன பண்றது தம்பி? எறும்பு வந்துடுமே."

"நீங்க ஏன் கவலைப்படுறீங்க? நான் கொண்டுபோய்க் கொட்டிடறேன்."

"நல்லாத் தூரமாப் போய்க் கொட்டு. இங்கே ஈ மொய்க்கக் கூடாது."

"ரொம்பத் தூரம் கொண்டுபோறேன் அண்ணாச்சி" என்று நரி மிகவும் பணிவாகச் சொன்னது. கலயத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போனது. புதருக்குப் பின்னால் சின்னதாக ஓர் அடுப்பு மூட்டி, சாற்றை மறுபடி கொதிக்கவிட்டது. இலையில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் நிற்கும் பதத்தில் இறக்கிவைத்தது. சிட்டாள் சொல்ல வந்த மிச்சம் அவ்வளவுதான்.

மறுநாள் ஓடைக்கரையில் எல்லோரும் கூடினார்கள். வரிசையாகத் தேக்கு இலை போட்டு, வெள்ளை வெளேரென்று சீம்பாலைத் துண்டு துண்டாக வைத்திருந்தாள் வெண்காலி. பக்கத்தில் கன்று நிற்கக் கற்றுக்கொண்டிருந்தது.

தொப்பளான் ஒரு பெரிய பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தது. "எல்லாரும் விலகுங்க! சூடா இருக்கு, ஜாக்கிரதை!" சூடும் இல்லை, ஒன்றும் இல்லை, வழியில் எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான். ஒவ்வொரு இலையிலும் அது அகப்பை அகப்பையாக அள்ளி அப்பியது. சீம்பால் கண்ணுக்கே தெரியாமல் அடியில் போய்விட்டது.

முதலில் முயலுக்குப் பல்லில் கொட்டை மாட்டியது. முள்ளம்பன்றிக்குத் தோல் தொண்டையில் ஒட்டிக்கொண்டு இருமல் பிடித்தது. எதைப் போட்டாலும் தின்னும் காட்டுப்பன்றிகூட இரண்டு தரம் மென்றுவிட்டு, மரியாதைக்காகத் திரும்பி நின்று துப்பியது.

"என்ன மாமா இது, நாரா இருக்கு?" என்றது முயல்.

"பொறுமையா மெல்லணும். இதெல்லாம் பெரிய இடத்துப் பாகு. உங்களுக்குப் பழக்கம் இல்லை!" என்றது கரடி.

வெண்காலி எல்லோருக்கும் புது இலை போட்டு, புதிதாகச் சீம்பால் வைத்தாள்.

அப்போது மூக்கன் நரி கலயத்தோடு வந்தது. கத்தவில்லை, யாரையும் விலகச் சொல்லவில்லை. ஒவ்வொரு இலைக்கும் ஒரே ஒரு கரண்டி. வெள்ளைச் சீம்பால்மேல் சிவப்புப் பாகு மெதுவாக வழிந்தது.

இலையை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முள்ளம்பன்றி தன் இலையை முடித்துவிட்டுப் பக்கத்து இலையைப் பார்த்தது. கன்றுகூட மூக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது.

தொப்பளானுக்கும் ஒரு கரண்டி விழுந்தது. "நரி என்ன பெரிசாக் காய்ச்சிடும்?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே வாயில் வைத்தது. இனித்தது, புளித்தது, கடைசியில் இலேசாக ஒரு கசப்பு நாக்கில் நின்றது. வேப்பம்பூத் தேன்! அதன் சொந்தத் தேன்! அதன் சொந்தக் களாப்பழம்!

"திருட்டுப் பயலே!" என்று கரடி குதித்தது. "இது என் பாகு! நான் காய்ச்சினது! குகை எனக்கு!"

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். நரி பதறவே இல்லை.

"ஆமா. அவர் பழம், அவர் தேன், அவர் அடுப்பு. நான் இல்லைன்னு சொன்னேனா? தூரமாக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். நான் இங்கே வந்து கொட்டினேன்."

வெண்காலி கரடியின் பக்கம் திரும்பினாள். "இதைக் கொட்டச் சொன்னது நீங்களா?"

குகை வேண்டுமானால் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: எது பாகு என்று எனக்குத் தெரியவில்லை, ஏமாந்துவிட்டேன். அந்த வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்ல அது தயாராக இருந்தது.

"அது... வந்து... நரிக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

காடு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மரத்தின்மேல் சிட்டாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நரி பண்ணினது யோக்கியமான காரியம்னு நான் சொல்லமாட்டேன்" என்றாள் வெண்காலி. "நீங்க ஏமாந்துட்டேன்னு சொல்லியிருந்தா, நான் உங்க பக்கம் நின்னிருப்பேன். ஆனா தெரிஞ்சேதான் குடுத்தேன்னு உங்க வாயாலேயே சொல்றீங்க. அப்ப தெரிஞ்சேதானே என் கன்னுக்குட்டியோட முதல் பால்மேல சக்கையை அப்பியிருக்கீங்க? குகை நரிக்கு."

கரடிக்கு முகம் சுருங்கிப்போனது. அந்த நேரம் பார்த்து மேற்கே இடி இடித்தது. சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நரி வாலைச் சுருட்டிக்கொண்டு பாறைக் குகைக்குள் போய்ப் படுத்தது.

தொப்பளான் தன் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, நனைந்தபடியே ஒழுகும் குகைக்குத் திரும்பியது. இப்போது வழியில் பார்க்க ஒருவரும் இல்லை. அன்று இரவு பசி தாங்காமல் பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டது. மென்றது, மென்றது, கொட்டையைத் துப்பியது. தலைமேல் மழைநீர் சொட்டிக்கொண்டே இருந்தது. விடிந்தபோதும் பானையில் மிச்சச் சக்கை அப்படியே கிடந்தது.

நீதி: தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டுத் தெரிந்ததுபோல் நடிப்பவன், சாற்றைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையைத் தான் சுமப்பான்.