கூண்டு வண்டியின் பின் சீட்

இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வருகிறவர்கள் முதலில் சென்னியப்பனின் எரிச்சலைத் தெரிந்துகொள்வது நல்லது. கோயம்புத்தூர் கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். இருபது வருடமாகப் பந்தயக் கார்களுக்குக் கூண்டு கட்டுகிறார். வண்டி உருண்டாலும் கூரை நசுங்கி ஓட்டுகிறவன் மேல் இறங்காமல் தாங்குகிற இரும்புப் பைப் கூண்டு அது. அவர் வேலையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் வண்டிக்காரர்களிடம்தான் என்பது அவருடைய கட்சி.

கிருத்திவாசனிடம் இருந்தது ஒரே கார். ஞாயிற்றுக்கிழமை அதில்தான் பந்தயம் ஓடுவான். திங்கட்கிழமை அதே காரின் பின் சீட்டில் ஏழு வயது மகள் மகிழினியை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு பம்பு கம்பெனி வேலைக்குப் போவான். எடை குறையட்டும் என்று முன்னால் இடப்பக்கச் சீட்டை எப்போதோ எடுத்துவிட்டிருந்தான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இந்த வருடம், கூண்டு இல்லாத வண்டியை ஓடவிட மாட்டோம் என்று பந்தயம் நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். மனைவி இந்துமதியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

சென்னியப்பன் விஷயத்தை உடைத்தே சொன்னார். பந்தயத்தில் ஓட்டுகிறவன் தலையில் ஹெல்மெட் இருக்கும், உடம்பைப் பெல்ட்டுகள் சீட்டோடு இறுக்கியிருக்கும். அவனுக்குக் கூண்டு காவல். ரோட்டில் வெறுந்தலையோடு போகிறவனுக்கு அதே பைப் எமன். ஒரு சடன் பிரேக் போதும். பைப் மேல் சுற்றுகிற ஸ்பாஞ்ச், ஹெல்மெட் மோதினால் தாங்கத்தான். மண்டைக்கு அது போதாது.

"அப்ப வேண்டாமுங்க," என்றாள் இந்துமதி.

"கழட்டி மாட்டற மாதிரி பண்ணிக்குடுங்கண்ணா. பந்தயம் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே நானே கழட்டிடறேன்," என்றான் கிருத்திவாசன்.

அங்கேதான் சென்னியப்பனுக்குப் புத்தி கெட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பா தலைல இரும்பு படாதுங்க அம்மிணி, அதுக்கு நான் பொறுப்பு," என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பந்தயம் நடத்துகிறவர்களின் எந்தப் பரிசோதனையிலும் தேறுகிற கூண்டு என்று கிருத்திவாசனுக்கும் ஒரு வாக்கு. மூன்று துண்டு, இருபத்து நான்கு போல்ட். கழற்ற இரண்டு மணி நேரம் ஆகும்.

முதல் பந்தயம் முடிந்ததும் கழற்றினான். இரண்டாவது முடிந்ததும் முனகிக்கொண்டே கழற்றினான். மூன்றாவது முடிந்த அன்று மழை. அடுத்த மாதம் மறுபடி மாட்டத்தானே போகிறோம் என்று அப்படியே விட்டுவிட்டான். பிள்ளைக்கு ஒரு குட்டி ஹெல்மெட் வாங்கினான். கழுத்து வலிக்கிறதென்று அவள் இரண்டாம் நாளே அதை மடியில் வைத்துக்கொண்டாள். இந்துமதி காலை ஆறு மணிக்கே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவள். வீடு திரும்பியதும் தினமும் சண்டை போட்டாள். அவனும் தினமும் "இந்த ஞாயிறு" என்றான்.

சத்தி ரோடு சிக்னலில் சென்னியப்பன் அதைக் கண்ணால் பார்த்தார். பின் சீட்டில் பள்ளிச் சீருடையில் பிள்ளை. அவள் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால், அவரே வளைத்த பைப். அன்றே போன் செய்தார். இன்னும் இரண்டு முறை செய்தார். மூன்று முறையும் "கண்டிப்பா இந்த ஞாயிறுங்கண்ணா" என்றே பதில் வந்தது.

அடுத்த வாரம் சைலன்சர் ஆடுகிறதென்று கிருத்திவாசன் வண்டியைப் பட்டறையில் விட வந்தான். வலது புருவத்தின் மேல் மூன்று தையல். நாய் குறுக்கே வந்ததாம், வண்டியை ஒடித்தானாம், ஸ்பாஞ்ச் சுற்றிய பைப்பிலேயே இடித்துக்கொண்டானாம். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. கூண்டைத் தொடாதீங்கண்ணா, ஞாயித்துக்கெழம பந்தயம் இருக்கு," என்று சிரித்துவிட்டுப் போனான்.

சென்னியப்பன் கூண்டைத் தொடவில்லை. சைலன்சரைச் சரிசெய்தார். பிறகு பின் சீட்டையும் அதன் பெல்ட்டுகளையும் கழற்றிப் பரணில் போட்டார். திரும்ப மாட்ட வழியில்லாதபடி அடியிலிருந்த கொக்கிகளையும் அறுத்தார். யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வந்தார்கள். அவர்கள் ஒன்றுபட்டுப் பேசியது அன்றுதான்.

"வண்டி என்னுதுங்கண்ணா. என்னைக் கேக்காம சீட்டை எடுக்க நீங்க யாரு?" என்றான் கிருத்திவாசன்.

"நான் கூண்டு வேண்டாம்னுதானே சொன்னேன்? நீங்க எம் புள்ள உக்கார்ற எடத்தை எடுத்துட்டீங்க. இனி அவ எதுல போவா? கூண்டு அப்படியே இருக்குது, கடைசில ஜெயிச்சது இவருதானுங்களே," என்றாள் இந்துமதி.

"ரெண்டு பேருக்கும் குடுத்த வாக்கைக் காப்பாத்தியாச்சு. எனக்கு வேலை கெடக்குது," என்றார் சென்னியப்பன்.

வண்டி தன்னுடையது என்கிறான் ஒருவன். பிள்ளை தன்னுடையது என்கிறாள் ஒருத்தி. வாக்கு தன்னுடையது என்கிறார் மற்றவர். கேட்டவர்களே, சீட்டை எடுத்தது சரியா? மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: வண்டி கிருத்திவாசனுடையதுதான். ஆனால் தன் புருவம் கிழிந்த பிறகும் அந்த ஸ்பாஞ்சை நம்பிப் பிள்ளையை உட்காரவைக்கிறவனின் உரிமைப் பேச்சு இங்கே செல்லாது. இந்துமதி சொன்னது அத்தனையும் நியாயம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தது சென்னியப்பனின் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அடுத்தவன் கை ஸ்பேனரை நம்பித் தான் வாக்குக் கொடுத்தது. இத்தனை தப்புக்குப் பிறகும் சீட்டை எடுத்தது சரிதான். கழற்றுகிறேன் என்று சொல்கிற மனிதனுக்குச் சோம்பல் வரும். சீட்டே இல்லாத வண்டியில் பிள்ளையை ஏற்ற அவனாலும் முடியாது. மகிழினி இப்போது ஆட்டோவில் பள்ளிக்குப் போகிறாள். இந்துமதி இன்றுவரை சென்னியப்பனோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், பிள்ளை நன்றாக இருக்கிறாள்.