யாரோ மறைக்கிறாங்க

செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சபைக்கு எப்சிபா ஆயராக இருந்தார். நாற்பதைத் தொடாத வயது. அவரிடம் உபதேசியார் ஊழியம் பழக வந்தவர் ஜெயசிங், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடர் மூத்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இரண்டு பேருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஜெயசிங்குக்கு ஜெபிக்க வரும், பாட வரும். எல்லாவற்றையும்விட நன்றாக நேரலை போட வரும். சபைக்கு ஒரு சேனல் தொடங்கியதே அவர்தான். கல்யாணமோ ஞானஸ்நானமோ அடக்கமோ, போனும் ஸ்டாண்டுமாக முதல் ஆளாக வந்து நிற்பார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அவருக்கு நன்றி எழுதினார்கள். எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டுவார்.

அன்று அறிவிப்பு நேரத்தில் சபைச் செயலாளர் எழுந்தார். போன வாரம் இறந்த அருள்மணியின் அடக்க ஆராதனையை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த ஜெயசிங் சாருக்கு நன்றி என்றார். சபை கைதட்டியது. ஒருவரைப் புதைத்ததற்குக் கைதட்டுகிறோமே என்று ஒருவருக்கும் கூசவில்லை.

பெண்கள் பக்கத்தில் அருள்மணியின் மனைவி பாக்கியசீலி எழுந்து நின்றார்.

"அவிய மூஞ்சிய உலகமே பாத்துச்சு," என்றார். "நான் பாக்கலை. ஊரே முத்தம் குடுத்துச்சு. நான் குடுக்கலை. என்னைப் பிடிச்சுத் தள்ளிட்டுப் பெட்டிய மூடிட்டீங்க. இப்ப கையும் தட்டுதீங்க."

ஜெயசிங் எட்டிப் போய், ஓடிக்கொண்டிருந்த ஞாயிறு ஆராதனை நேரலையை நிறுத்தினார்.

பாக்கியசீலி அதையும் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆராதனை முடிந்ததும் எப்சிபா அங்கியைக்கூடக் கழற்றாமல் ஜெயசிங்கைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"சபை மானம் போகுது, ஆயரம்மா. எத்தனை பேரு பாத்துக்கிட்டிருக்காங்க."

"அடக்கத்தன்னைக்கு அவங்க நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாங்க. அப்ப ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"அது துக்கம்."

"இது என்ன?"

ஜெயசிங் கையிலிருந்த ஸ்டாண்டை மடக்கினார்.

"அழுதா காட்டுவீங்க. கோபப்பட்டா அணைச்சிருவீங்க."

ஜெயசிங்குக்கு முகம் சிவந்தது. வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பழகியவர். நின்று பதில் சொல்லுவது அவருக்குப் பழக்கமில்லை.

"நான் என்ன தப்பு செஞ்சேன், ஆயரம்மா? அதைச் சொல்லுங்க முதல்ல. பெத்த பிள்ளை மஸ்கட்டுல லீவு கிடைக்காம துடிக்கான். ஜெபர்சன் என்ட்ட கணக்குப் படிச்ச பய. அவனுக்கு அப்பன் முகத்தைக் கடைசியா ஒரு தடவை காட்டினேன். அது பாவமா?"

நடந்தது இதுதான். பந்தலில் பெட்டி திறந்திருந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அருள்மணியின் நெற்றியில் முத்தமிட்டுப் போனார்கள். மனைவி கடைசியில்தான் வருவார். அது அந்த ஊர் வழக்கம். அவருக்குப் பிறகு பெட்டியை மூடிவிடுவார்கள்.

ஸ்டாண்டில் ஒரு போன் நேரலை ஓட்டிக்கொண்டிருந்தது. அழுகைச் சத்தத்தில் கேட்பதற்காக ஸ்பீக்கர் போட்டு, ஜெயசிங்கின் காதில் இன்னொரு போன். அதில் ஜெபர்சன். பாக்கியசீலி வந்து பெட்டிமேல் குனிந்தார். அந்த நேரம் பார்த்து ஜெபர்சன் கத்தினான்.

"சார், முன்னால யாரோ மறைக்கிறாங்க. அப்பா முகம் தெரியல. சார், தள்ளச் சொல்லுங்க சார்."

ஜெயசிங் பாக்கியசீலியின் தோளைப் பிடித்துப் பின்னால் நகர்த்தினார். ஒரு நிமிஷம் அம்மா, தம்பி பாத்துக்கட்டும் என்றார். பின்னால் நின்ற பெண்கள், அழுகிறவரை ஆற்றுகிறோம் என்று நினைத்து அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நேரலையில் இதயங்களும் கும்பிடும் கைகளும் பிணத்தின் மேலே பறந்துகொண்டிருந்தன. பாடல் தொடங்கியது. மனைவி வந்து குனிந்ததை எல்லோரும் பார்த்தார்கள், அதனால் முடிந்தது என்று நினைத்தார்கள். மூடியை வைத்துத் திருகிவிட்டார்கள்.

"பெட்டிய மூடச் சொன்னது நான் இல்லையே," என்றார் ஜெயசிங். "நீங்கதானே சொன்னீங்க?"

எப்சிபா அவரையே பார்த்தார்.

"ஆமா. நான்தான். கண்ணை மூடி ஜெபிச்சேன். கண்ணைத் திறந்ததும் மூடுங்கன்னேன். அவங்க எங்க நிக்காங்கன்னு தேடலை. இன்னைக்கு அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது. அவங்களுக்கு எம்மேல உள்ள கோபத்தை நான் பாத்துக்கிடுதேன், சார். உங்க கேள்விக்கு வாங்க. அந்த வீடியோ இருக்கா?"

"சேனல்ல இருக்கு. அவங்களுக்கு லிங்க்கும் அனுப்பிட்டேன். அதைத்தான் நானும் சொல்லுதேன். ஒரு தடவை விட்டுப்போச்சு, சரி. இனிமே எத்தனை தடவை வேணும்னாலும் பாத்துக்கலாமே?"

"பாத்தாங்களா?"

"தெரியல. நீல டிக் விழலை."

"கையில கொண்டுபோங்க."

"எதை?"

"அந்த வீடியோவை. இப்பவே போங்க. அவங்க பக்கத்துல உக்காந்து காட்டுங்க. முடியுத வரைக்கும் எந்திரிக்காதீங்க. திரும்பி வந்து இதே கேள்வியைக் கேளுங்க. பதில் சொல்லுதேன்."

"திட்டுவாங்களே."

"திட்டுவாங்க."

ஜெயசிங் போனார். வழியெல்லாம் மனதுக்குள் ஒரு நியாயம் தயார் செய்துகொண்டே போனார். நான் சொந்தமாகச் செய்யவில்லை அம்மா, உங்கள் பிள்ளைதான் தள்ளச் சொன்னான். அதைச் சொல்லிவிட்டால் அந்த அம்மா வாயடைத்துப் போவார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தேதான் போனார்.

எப்போதும் 'வாங்க சார்' என்கிற பாக்கியசீலி, அன்று கதவைத் திறந்து, "வாரும்," என்றார்.

ஜெயசிங் உட்கார்ந்தார். வீடியோவை ஓட்டிப் போனை அவர் கையில் கொடுத்தார்.

படத்தில் முதலில் தெரிந்தது ஒரு முதுகு. வெள்ளைச் சேலை. கலைந்த கொண்டை. பாக்கியசீலிக்குத் தன் முதுகைத் தெரியவில்லை. அதை யார்தான் பார்த்திருக்கிறார்கள்?

"இது யாரு?" என்றார்.

ஜெயசிங் வாய் திறப்பதற்குள் படத்திலிருந்து ஒரு குரல் வந்தது. முன்னால யாரோ மறைக்கிறாங்க. அப்பா முகம் தெரியல. தள்ளச் சொல்லுங்க சார்.

பாக்கியசீலி போனைக் காதருகே கொண்டுபோனார்.

"இது ஜெபர்சன் சத்தம்லா?"

தயார் செய்து வைத்திருந்த நியாயம் ஜெயசிங்கின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது.

"அவனுக்கு நீங்கன்னு தெரியாதும்மா," என்றார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இழுத்தேன்."

படத்தில் ஒரு கை நீண்டு வந்தது. வெள்ளிக் கடிகாரம் கட்டிய கை. அது சேலைத் தோளைப் பிடித்தது, முதுகு விலகியது. அருள்மணியின் முகம் திரை முழுக்கத் தெரிந்தது. எந்தக் குறையும் இல்லாத, தெளிவான படம்.

பாக்கியசீலி கட்டைவிரலால் அந்த நெற்றியைத் தடவினார்.

தடவியதும் படம் முன்னுக்கு ஓடியது. பெட்டி மூடியிருந்தது.

"என்ன இது? எங்க போனாவ?"

ஜெயசிங் திரும்ப ஓட்டிக் கொடுத்தார். முகம் வந்தது. பாக்கியசீலி மறுபடியும் தடவினார். மறுபடியும் பெட்டி மூடியிருந்தது.

"தொட விடமாட்டேங்குதே!" என்று கத்தினார். "இதுக்கா லிங்க் அனுப்புனீரு? இதைப் போட்டுப் போட்டு நான் பாக்கணுமா? சூடு ஆறிப்போன உடம்புன்னாலும் அது அவிய உடம்புய்யா. இருவத்தெட்டு வருசம் அந்த நெத்தியில தைலம் தேய்ச்சவ நான். எனக்குப் போட்டோவா குடுக்கீரு?"

மூன்றாவது முறை பாக்கியசீலி தொடவில்லை. தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பாடல் தொடங்கியது. ஆண்கள் மூடியைத் தூக்கி வந்தார்கள். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே போனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இருங்க. இருங்க, மூடாதீங்க. நான் இன்னும் பாக்கலை. ஐயா, இருங்க.

ஜெயசிங் அந்தக் குரலை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். அன்று அவர் அதற்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தார். மஸ்கட்டில் அழுத பையனின் குரல் அவர் காதை அடைத்திருந்தது.

மூடி முகத்தின் மேல் இறங்கியது. படத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம், கொஞ்ச நேரம் முகத்தையாவது பார்க்கட்டும் என்று நினைத்து ஜெயசிங் கையை நீட்டினார். கை திரையை மறைத்தது.

"கைய எடும்!"

பாக்கியசீலி அந்தக் கையைத் தட்டிவிட்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் கையை அந்த ஊரில் யாரும் அப்படித் தட்டியதில்லை. அவர் எழுந்து போகவில்லை. திட்டு வந்துகொண்டே இருந்தது. அவரை, அவர் போனை, ஆயரை, பாடகர் குழுவை, பிடித்துக்கொண்ட பெண்களை, செத்துப்போன அருள்மணியைக்கூட. ஜெயசிங் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

திட்டி ஓய்ந்ததும் பாக்கியசீலி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஜெபர்சன்ட்ட சொல்லிராதீரும். தள்ளச் சொன்னது அம்மையைத்தான்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். அவன் பாத்த மட்டுக்கும் போதும்." பிறகு கதவைக் காட்டினார். "உம்மை நான் மன்னிக்கலை. போயிட்டு வாரும்."

ஜெயசிங் திரும்பி வந்தபோது எப்சிபா அறையில்தான் இருந்தார். மேசையில் சாப்பாடு மூடியபடியே இருந்தது.

"கேளுங்க, சார்."

ஜெயசிங் நாற்காலியில் உட்கார்ந்தார். கேள்வியைக் கேட்காமல், அங்கே நடந்ததை எல்லாம் சொன்னார். பிறகு போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சேனலை மூடிருதேன், ஆயரம்மா. இனி எந்த அடக்கத்துக்கும் இதைத் தொட மாட்டேன்."

"மூடிட்டு?"

"சும்மா இருக்கேன்."

எப்சிபாவின் குரல் உயர்ந்தது. "ஜெபர்சன் பாத்தான்லா? அவன் பாத்ததுனாலதான் அவங்க அவ்வளவு கோபத்துலயும் அவனைக் காப்பாத்துதாங்க. அடுத்த பிள்ளைக்கு என்ன சொல்லப்போறீங்க? எனக்கு ஒரு அடி விழுந்துச்சு, அதனால உனக்கு அப்பன் முகம் கிடையாதுன்னா?"

அந்த நேரம் மேசைமேல் போன் அடித்தது. ஜெயசிங் எடுக்கவில்லை. எப்சிபா எடுக்கச் சொன்னார்.

அயர்லாந்திலிருந்து ஒரு பெண். அங்கே நர்ஸ். பக்கத்துத் தெரு தேவநேசனின் மகள். அப்பா காலையில் தவறிவிட்டார். நாளைக்கு அடக்கம். டிக்கெட் கிடைக்கவில்லை. சார், நீங்க லைவ் போடுவீங்கல்லா சார் என்று அழுதாள்.

ஜெயசிங் போனைக் கையால் பொத்திக்கொண்டு எப்சிபாவைப் பார்த்தார்.

"போடுவேன்னு சொல்லுங்க."

சொன்னார். வைத்தார்.

"கேமராவை எங்க வைக்கது, ஆயரம்மா?"

"அவங்க வீட்டம்மாவுக்குப் பின்னால."

"பின்னால வச்சா அவங்க முதுகுதான் தெரியும்."

"தெரியட்டும்."

"அவங்க எந்திரிக்க நேரமாகுமே? பெட்டிய விடமாட்டாங்களே?"

"ஆகட்டும். நாளைக்கு நான் கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபிக்கேன்."

"அந்தப் பிள்ளை அங்க கிடந்து கத்தும், ஆயரம்மா. அப்பா முகம் தெரியலன்னு கத்தும். முன்னால யாரோ மறைக்கிறாங்க, தள்ளச் சொல்லுங்கன்னு அழும். அப்ப நான் என்ன சொல்லட்டும்?"

எப்சிபா அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"உங்க அம்மான்னு சொல்லுங்க."