ஒற்றைக் கை ஸ்வெட்டர்

மேல்மலையில் குளிர் எப்படி என்றால், விடியலில் கூவ வாயைத் திறந்த சேவல், வெயில் வந்து தொட்ட பிறகுதான் கூவி முடிக்கும். அங்கே ஒருவருக்கு ஸ்வெட்டர் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. எப்போது வேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

ஆவுடையப்பனுக்கு ஆயுத பூஜைக்குள் வேண்டும்.

அவர் அந்த மலைப் பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஓட்டின வேகத்தில் இரண்டொரு கொண்டை ஊசி வளைவுகள் நிமிர்ந்து போய்விட்டன, ரோடு போடுகிறவர்கள் வந்து திரும்ப வளைத்துவிட்டுப் போனார்கள் என்று டிப்போவில் சொல்வார்கள். அவர் அதை மறுத்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. சோற்றுத் தட்டைப் பிடித்தாலும் இடமும் வலமுமாகத் திருப்பியது. திருப்ப ஒன்றும் கிடைக்காதபோது நடுங்கியது. ஒருநாள் பயணியாக டிக்கெட் வாங்கி மேலே வந்தவர், கடைசி நிறுத்தத்தில் தவமணியைப் பார்த்தார். நாற்பது வயது அம்மா. ஆடுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே தக்ளியைச் சுழற்றி, ரோமத்தை நூலாக்கிக்கொண்டிருந்தார்.

"தாயி, இதை எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"கை நடுங்குது."

"பஸ் ஓட்டும்போது நடுங்குச்சா?"

"ஓட்டும்போது எப்படி நடுங்கும்?"

"சரி, வாங்க."

அன்றிலிருந்து அந்த அம்மா குரு, இவர் சிஷ்யர். குரு சிஷ்யரை அண்ணாச்சி என்றார். சிஷ்யர் குருவைக் குருவம்மா என்றார். ஆட்டுக் கொட்டகைதான் மடம்.

டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த முதல் பஸ்ஸை ஓய்வு பெற்ற மூத்த டிரைவர்தான் நகர்த்துவார். அந்த மரியாதை ஆவுடையப்பனுக்கு உரியது. போன வருஷம் அவர் படியில் கால் வைக்கும்போது, அவருடைய பழைய கண்டக்டர் சங்கிலி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்.

"அண்ணாச்சி இப்ப ஊசி நூல் பிடிக்கிறாராம். பஸ்ஸுக்குச் சட்டை பின்னிப் போடப் போறாராம்."

டிப்போ சிரித்தது. ஆவுடையப்பன் படியிலிருந்து காலை எடுத்தார்.

"அடுத்த வருஷம் இதே நாள், நானே நூத்து நானே பின்னின ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு இங்க வந்து நிப்பேன். நம்ம ரோட்டு வளைவு ஒண்ணு விடாம அதுல இருக்கும். இல்லைன்னா ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்."

"அந்த வருஷம் மட்டுமா, இல்ல எப்பவுமேவா?"

"ஸ்வெட்டர் முடியற வரைக்கும்."

மலை ஏறி வந்து குருவிடம் சொன்னார்.

"சொல்லிட்டு வந்துட்டேன் குருவம்மா."

"காக்காவைக் கேட்டீங்களா?"

காக்கா என்பது ஆடு. மந்தையில் அது ஒன்றுதான் கறுப்பு. தவமணி சாயம் போடுவதில்லை. வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளைச் செம்மறிகள் ஒரு கூட்டமே இருந்தது. கறுப்பு வேண்டுமென்றால் காக்கா ஒருத்திதான். வெள்ளைத் தரையில் கறுப்பு ரோடு போட நினைத்த மனுஷன், அவளைக் கேட்காமல் டிப்போவில் வாய் விட்டிருந்தார்.

சித்திரையில் ரோமம் வெட்டினார்கள். ஆவுடையப்பன் அலசினார், சீப்பால் வாரினார், நூற்றார். முதல் நூலைக் குரு கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"ஸ்வெட்டருக்கு."

"பழுதாகி நிக்கிற பஸ்ஸைக் கட்டி இழுக்கவோன்னு நினைச்சேன்."

அடுத்த நூல் அவ்வளவு மெல்லியது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, அறுந்துவிட்டது. அதற்கும் அடுத்தது நூலாக இருந்தது. அதற்குள் கோடை போய்விட்டது.

பின்னலைத் தொடங்கியதும் அவர் பழைய ஆவுடையப்பன் ஆனார். ஊசி இரண்டும் இறக்கத்தில் போகிற பஸ் மாதிரி பறந்தன. கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, வயிற்றுப் பக்கம் அடிவாரம், நெஞ்சுப் பக்கம் வளைவுகள், கழுத்தருகே கடைசி நிறுத்தம். ஆடி முடியுமுன் உடல் முடிந்துவிட்டது. கொட்டகைச் சுவரில் விரித்து மாட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்தார். தார் காயாத புது ரோடு மாதிரி இருந்தது.

"எப்படி குருவம்மா?"

"போட்டுப் பாருங்க."

கைகளை மேலே தூக்கி உள்ளே நுழைந்தார். அடிவாரம் தாண்டியது. அதற்குமேல் போகவில்லை.

"குருவம்மா."

"இங்கதான் இருக்கேன்."

"தலை வரமாட்டேங்குது."

"எந்த இடத்துல நிக்கிறீங்க?"

"முதல் வளைவுலதான் போல."

"எதிர்ல லாரியா?"

இரண்டு கையும் வானத்தைப் பார்க்க, தலை இருக்க வேண்டிய இடத்தில் கம்பளியோடு அவர் நின்றார். ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டுப் பார்த்தன.

"அண்ணாச்சி, வளைவுல பஸ்ஸை எப்படித் திருப்புவீங்க?"

"வெளிய அகட்டி எடுத்துத் திருப்புவேன்."

"ஒட்டித் திருப்பினா?"

"பின்சக்கரம் பள்ளத்துல இறங்கிரும். பின்னால வர்ற சக்கரத்துக்கு இடம் விட்டுத்தான்..."

கம்பளிக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது.

இரண்டு நிறத்தில் பின்னும்போது, வெள்ளை முன்னால் தெரிகிற இடத்தில் கறுப்பு நூல் மறைந்து பின்பக்கமாக ஓடும். அதைக் கொஞ்சம் தளர விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னல் சுருங்கிவிடும். ஆவுடையப்பன் ஒவ்வொரு வளைவிலும் அதை முறுக்கி இழுத்திருந்தார். முன்பக்கம் ரோடு. பின்பக்கம் முழுக்க வீணைத் தந்தி.

"வெட்டி எடுக்கட்டுமா, இழுத்து எடுக்கட்டுமா? வெட்டினா சீக்கிரம் வெளிய வந்துரலாம்."

"வெட்டாதீங்க குருவம்மா."

"அப்ப குனிங்க."

பிரசவத்தில் குட்டியை எடுத்துப் பழகிய கை. தலை வெளியே வந்தது. முகம் சிவந்து, மூக்கில் ரோமம் ஒட்டி, அவர் கொஞ்ச நேரம் அந்தப் புது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் சொல்லாமலே கழுத்துப் பக்கம் முடிச்சைத் தேடி அவிழ்த்தார். ரோடு மேலிருந்து கீழாக அவிழ்ந்துகொண்டே போனது. குரு எதிரே உட்கார்ந்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டார்.

இரண்டாம் தடவை மெதுவாகப் போனது. ஒரு வளைவைத் திருப்பியதும் பின்னலை விரித்துப் பார்ப்பார், பின்னால் ஓடும் நூலுக்கு இடம் விட்டிருக்கிறோமா என்று விரல் விட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் அடுத்த வளைவு. வண்டி நிற்கிறபோது பேச்சு வரும் அல்லவா, அதுபோல இப்போது பேச்சு வந்தது.

"இது புளியமரத்து வளைவு. இங்க ஒருநாள் பிரேக் போச்சு. காத்துக்கு எதிரா எல்லாரையும் மூச்சு விடச் சொன்னேன், பஸ் நின்னுருச்சு."

"ஓ."

"இது குரங்கு வளைவு. என் ஹாரன் சத்தத்தைக் கத்துக்கிட்டு ஒரு குரங்கு மத்த வண்டிகளை ஓரங்கட்டும்."

"ம்."

"நம்ப மாட்டீங்களா?"

"பின்னலைப் பார்த்தா நம்பலாம் போலத்தான் இருக்கு."

உடல் முடிந்தது. இந்தத் தடவை தலை தாராளமாக வந்தது. வலது கையும் முடிந்தது. தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு கறுப்பு ரோடு, கிளைப் பாதை மாதிரி. இடது கையைத் தொடங்கி நாலு வரி போட்டதும் கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. அவிழ்த்துத் திரும்பப் பின்னியதில் அங்கங்கே நைந்து அறுந்ததை அவர் கணக்கில் வைக்கவில்லை. காக்காவின் முதுகைப் பார்த்தார். சித்திரையில் வெட்டினது, விரல் நுழைகிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. அடுத்த வெட்டு அடுத்த சித்திரையில்.

ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"குருவம்மா, பஜார்ல மில் நூல் கிடைக்குது. அச்சு அசல் இதே கறுப்பு. யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது. போய் வாங்கிட்டு வாங்க."

போனார். மத்தியானம் ஒரு டீத்தூள் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"நூல் எங்க?"

"கடை பூட்டியிருந்துச்சு."

அந்தப் பஜாரில் அந்தக் கடை மழை வெள்ளத்திலும் பூட்டியதில்லை. குரு டீ போட்டார். இரண்டு வாய் குடித்த பிறகு சிஷ்யர் கேட்டார்.

"இது எப்பத்தான் முடியும் குருவம்மா? தெரிஞ்ச நீங்களாவது சொல்லுங்க."

"அவளைக் கேளுங்க."

ஆவுடையப்பன் டம்ளரை வைத்துவிட்டு, நிஜமாகவே சரிவில் இறங்கிப் போய்க் காக்காவின் முன்னால் நின்றார். கேட்கவும் செய்தார். காக்கா அவரைப் பார்த்தாள். மென்றாள். இன்னொரு வாய் புல்லைப் பிடுங்கி, திரும்ப மென்றாள். அவசரம் அவள் முகத்தில் எங்கேயும் இல்லை.

ஆயுத பூஜையன்று காலை, அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் டிப்போவுக்குள் நுழைந்தார். வலது கையில் ஸ்வெட்டர். இடது கை வெறும் கை.

சங்கிலி சந்தனக் கிண்ணத்தோடு எதிரே வந்தான்.

"அண்ணாச்சி, இன்னொரு கை எங்க?"

கடைக்காரன், குளிர், கறுப்பு நூல், என்னவெல்லாமோ சொல்லலாம் என்று மலை இறங்கும்போது யோசித்து வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"மேயுது."

"என்னது?"

"மேல, சரிவுல மேயுது. அவளுக்கு நேரம் ஆகும்."

டிப்போ சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சங்கிலி கிட்டே வந்து குனிந்து, நெஞ்சில் ஓடின ரோட்டைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல நின்றது. சந்தனம் படாத விரலை அடிவாரத்தில் வைத்தான்.

"இது செக்போஸ்ட்டு."

"ஆமா."

"இது புளியமரம். இது... அந்தப் பொம்பளைக்குப் பஸ்ஸுலயே பிரசவம் ஆச்சே, அந்த வளைவு."

"ஆமா."

"இது ஏன் இவ்வளவு ஒடுங்கியிருக்கு?"

"மண் சரிஞ்சப்புறம் அது அப்படித்தாம்லே இருக்கு."

மற்ற டிரைவர்களும் கூடிவிட்டார்கள். ஒருத்தன் தோளைப் பிடித்துத் திருப்பினான், முதுகில் மிச்ச ரோடு. இங்கேதான் எனக்கு டயர் வெடித்தது என்றான் ஒருவன். இங்கே நான் யானைக்காக ராத்திரி முழுக்க நின்றேன் என்றான் இன்னொருவன். ஆவுடையப்பன் கையை விரித்துக்கொண்டு, அளவு கொடுக்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். ஓட்டின காலத்தில்கூட அவர் அவ்வளவு உயரமாக இருந்ததில்லை.

சங்கிலி சாவியை நீட்டினான்.

"ஏறுங்க அண்ணாச்சி. பழம் காயுது."

"ஸ்வெட்டர் முடியலையே."

"ரோடு முடிஞ்சுதா இல்லையா?"

"ரோடு முடிஞ்சுது."

"பஸ் ரோட்டுல ஓடுமா, கையில ஓடுமா?"

ஆவுடையப்பனின் வெறும் கை நீண்டது. நடுங்கவில்லை. சாவியை வாங்கி, இப்போது அந்தத் தடத்தில் ஓட்டுகிற டிரைவரிடம் கொடுத்தது. பிறகு அவர் சங்கிலியின் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக்கொண்டு போய்ப் பின்படியில் நின்றார்.

"ரைட்," என்றார் ஆவுடையப்பன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

பழங்கள் நசுங்கின. பஸ் நகர்ந்தது.

மறுநாள் காலை, அதே ஸ்வெட்டரோடு மலையின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இடது கை முழுக்கப் புல்லரித்துப் போயிருந்தது.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"தோத்துட்டேன் குருவம்மா. ஸ்டியரிங்கைத் தொடலை."

"முகம் அப்படிச் சொல்லலையே."

அவர் நடந்ததைச் சொன்னார். செக்போஸ்ட்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வளைவிலும் யார் விரல் வைத்தார்கள் என்றுவரை சொன்னார். கூட்டத்தில் ஒரு குரங்கும் வந்து தன் வளைவைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார். குரு எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார்.

"ஒண்ணு கேக்கணும் குருவம்மா. இது முடிஞ்ச ஸ்வெட்டரா, முடியாத ஸ்வெட்டரா?"

தவமணி தக்ளியைக் கீழே வைத்தார்.

"காக்கா."

கறுப்பு ஆடு சரிவிலிருந்து நிதானமாக ஏறி வந்து நின்றது. குரு சிஷ்யரின் வெறும் கையைப் பிடித்து, ஆட்டின் கழுத்தைச் சுற்றி வளைத்து, ரோமத்தில் தோள்வரை அழுத்தி வைத்தார்.

ஆவுடையப்பன் பாதி குனிந்தபடி நின்றார். ஒரு கை ஸ்வெட்டருக்குள். ஒரு கை ஆட்டுக்குள். ஆடு மென்றுகொண்டிருந்தது. கதகதப்பு விரலில் தொடங்கி முழங்கைக்கு ஏறியது.

"அளவு சரியா இருக்கா, அண்ணாச்சி?"