துண்டு போட்ட இடம்

பாடகர் இளம்பரிதிக்கு அறுபத்து மூன்று வயது. அவருடைய குரு நாச்சியம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனால் என்ன, அந்த அம்மாளின் காலில் விழ அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

அன்று ஆசிரமத்துக்கு வந்தது உத்தரவு வாங்க. அந்தப் பாட்டை இனி மேடையில் பாடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

எந்தப் பாட்டு என்று கேட்க வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுதான். முன்பு ஒரு படம் சக்கைப்போடு போட்டது. மனைவியைப் பறிகொடுத்த ஒருவன், பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைப்பான். இளம்பரிதியும் அப்போதுதான் மனைவி கஸ்தூரியை இழந்திருந்தார். தியேட்டரிலிருந்து வந்ததும் கிடாரை எடுத்தார். பாட்டு தானாக வந்தது. படத்தைவிடப் பாட்டு அதிகம் ஓடியது.

அதற்குப்பின் அவர் எழுதிய எதையும் யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. பாவம், மனுஷர் மேடையேறினால் அதே பாட்டுதான்.

"கூட்டம் பூரா என்கூடப் பாடுதும்மா. ரூமுக்குத் திரும்பினா பேச ஒரு ஆள் இல்ல. அவ்வளவு பேர் பாடியும் தனியாத்தான் கிடக்கேன். எதுக்கு இந்தப் பாட்டு? நிறுத்திடட்டுமா?"

நாச்சியம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தான் அதைக் கேட்டதில்லை என்றும், ஒருதடவை பாடும்படியும் சொன்னார்.

அவர் பாடினார். பாட்டில் பஸ் வந்தது, கூட்டம் முண்டியடித்து ஏறியது, ஜன்னலோரம் ஒரு சீட் கிடைத்தது. பல்லவி வரவேண்டிய இடத்தில் சட்டென்று நிறுத்தி, மூடிய கையைக் குருவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நாச்சியம்மை திரும்பித் தன் பின்னால் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"யாருக்கு நீட்டுறீங்க?"

இளம்பரிதிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பழக்கதோஷம் என்றார். ஆரம்பத்தில் அந்த வரி வந்தாலே தொண்டை அடைக்குமாம். அதனால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார். அவர்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு பாடுவார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

"இங்க கூட்டம் இல்லையே. நீங்களே பாடுங்க."

"துண்டு போட்டு வச்சிருக்கேன்..." என்று எடுத்தார். "வந்து உட்காரு" என்பது வெளியே வரவில்லை. கஸ்தூரி நேற்றுத்தான் போனதுபோல் நெஞ்சு வலித்தது. தோள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

நாச்சியம்மை மொச்சையை உரித்தார்.

அழுது ஓய்ந்ததும் இளம்பரிதி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீங்க இன்னும் பதில் சொல்லலம்மா. நிறுத்திடட்டுமா?"

"நீங்க நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு. கூட்டம்தான் பாடிக்கிட்டிருக்கு."