கம்பி அதிகம்

முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இருந்தது ஒரே இடம். நேர்காணலுக்கு வந்தவர்களில் வயதில் மூத்தவள் செண்பகவல்லி. பாலிடெக்னிக்கில் கட்டுமானப் பாடம் நடத்தியே காதோரம் நரைத்தவள்.

வீட்டில் அவளும் மகளும்தான். மகள் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று படுத்த குழந்தை, எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் தெருவில் பள்ளி வேன் ஹார்ன் அடித்தால் இப்போதும் வாசலுக்கு ஓடிவிடுகிறாள். இடம் கிடைத்து, இந்த ஊர் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் மகளைப் பற்றி யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். ஐயோ பாவம் என்று யாரும் இடம் கொடுக்க வேண்டாம்.

கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னாள்.

"வீட்டுப் பொறுப்பு ஏதாவது?" என்றார் குழுவில் ஒருவர். ஆண்களிடம் இதை யாரும் கேட்பதில்லை, அது கிடக்கட்டும்.

"ஒண்ணும் இல்ல சார். தீபாவளி, பொங்கல் லீவுகூட வேண்டாம். ஞாயித்துக்கிழமையும் வந்துடுவேன்."

குழுவுக்குப் பரம திருப்தி. வழிகாட்டியாக இருக்கப்போகும் பேராசிரியர் ஹமீதா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைவிட வயதில் சிறியவர், அதிகம் பேசாதவர்.

"லேப் வரைக்கும் வாங்க."

அங்கே வலைத் தடுப்புக்கு அப்பால் ஒரு கான்கிரீட் பீம். அதன்மேல் எடை ஏற்றும் இயந்திரத்தை ஹமீதா ஓடவிட்டார்.

"உடையப்போகுதுன்னு எப்பத் தோணுதோ, அப்பச் சொல்லுங்க. நிறுத்திடலாம்."

செண்பகவல்லி கண் கொட்டாமல் பார்த்தாள். எடை ஏறியது. பீம் தொய்யவில்லை. இன்னும் ஏறியது. கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது. திடீரென்று படாரென வெடித்து, துண்டுகள் வலையில் வந்து மோதின.

போச்சு, இடம் போச்சு என்று நினைத்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்ற மாதிரி அது ஒண்ணுமே காட்டல மேடம்."

"ஏன் காட்டல?"

"உள்ள கம்பி அதிகம். அளவாப் போட்டிருந்தா முதல்ல தொய்யும், விரிசல் விடும். பசங்களுக்கு நான் வருஷா வருஷம் நடத்துற பாடம் மேடம் இது."

"ஆனா இது எடை அதிகம் தாங்குமே?"

"தாங்கும்."

"அப்புறம் ஏன் இப்படிக் கட்டக் கூடாதுங்கிறோம்?"

"கீழ ஆள் இருப்பாங்கல்ல. அவங்களுக்குத் தெரியணும்."

ஹமீதா இயந்திரத்தை நிறுத்தினார். லேபில் சத்தம் அடங்கியது.

செண்பகவல்லியே கேட்டாள்.

"எனக்கு இடம் இல்லையா மேடம்?"

"இடம் உங்களுக்குத்தான்," என்றார் ஹமீதா. "ஆனா நாலு வருஷம் உங்க பக்கத்துல நிக்கப்போறவ நான்."