தலைவர் வாசலில் வெள்ளைக் கோடு

கொரோனா வருசம் எங்க பேரூராட்சிக்கு வந்த பிளீச்சிங் பவுடர் நாலே மூட்டை. நாலையும் தன் வீட்டைச் சுத்தியே தூவணும்னு உத்தரவு போட்டார் தலைவர் நல்லபெருமாள்.

"எங்க தெருவுல ஏழு பேருக்குக் காய்ச்சல் ஐயா, ஒரு மூட்டை கொடுங்க" என்று கேட்டாள் துப்புரவு வேலை பார்த்த பேச்சித்தாய்.

"ஊருக்கெல்லாம் தூவ நான் என்ன ஆலையா வச்சிருக்கேன்? என் வாசல்ல தினமும் கோடு பளிச்சுனு தெரியணும்!"

"ஆகட்டும் ஐயா."

தெருமுனையில் நின்னாலே தெரியிற மாதிரி பட்டையாப் போட்டாள். மூணாம் நாள் பால்காரர் வரலை. சமையல்காரம்மா வரலை. கட்சிக்காரங்க அடுத்த தெரு வழியா சுத்திப் போனாங்க.

"ஏ பேச்சித்தாயி, எனக்கு நோய் வந்துட்டுன்னு ஊரே பேசுதே!"

"ஊர்லயே இந்த ஒரு வாசல்லதான கோடு கிடக்கு? எல்லா வாசல்லயும் கிடந்தா யாரு ஐயா பேசப் போறா?"

அன்னைக்கே தலைவர் ஜில்லா ஆபீசுக்கு ஓடி இருபது மூட்டை வாங்கிவந்தார். முதல் கோடு பேச்சித்தாய் தெருவில் விழுந்தது.

இப்பவும் எங்கேயாவது அந்தப் பிளீச்சிங் பவுடர் நெடி அடிச்சா, நாங்க மூக்கைப் பொத்துறதில்லை. தலைவர் அன்னைக்குக் கெஞ்சினதுதான் ஞாபகம் வருது: "தாயி, என் வாசலைக் கடைசியா வச்சுக்கோ!"